தண்டவாளம் நீங்கிய பாதை



ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதலாகக் கற்பித்த விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. இன்று பிரெஞ்சு நாட்டுப் பாதை ஒன்றைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். நீங்கள் அந்தப் பாதையை அறியமாட்டீர்கள். மிதிவண்டியை நன்றாக அறிவீர்கள். ஆகவே மிதிவண்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி நெடுஞ்சாலை ஒன்றின் ஓரத்தில் இருந்தது. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கும் நாள், எங்கள் பள்ளியில் திருவிழா நாளாகவே கழியும். வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பெயர் படித்து, ஒவ்வொருவர் கையிலும் நானே ஒப்படைப்பேன். 2009-ஆம் ஆண்டில் அவ்வாறு நான் கொடுத்த வண்டியில் வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தியை, பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் லாரி ஒன்று இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. உயிர் பிழைத்தாள், ஆனால் இடக்கால் பழைய நிலைக்கு வரவில்லை. மருத்துவமனை வாயிலில் அவளுடைய தந்தை என்னைக் கண்டபோது ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்றும் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கிறது. அதன்பிறகு நானும் மிதிவண்டியில் ஏறவில்லை. வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நின்ற என் பழைய வண்டியைத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரான்சின் தென்மேற்கே போர்டோ நகரில் வாழும் என் மகளைக் காணச் சென்றேன். போர்டோ என்ற பெயரை உங்களுள் உழவர் வீட்டுப் பிள்ளைகள் கேட்டிருப்பீர்கள். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து பயிர்நோய்க்குத் தெளிக்கும் 'போர்டோக் கலவை' அந்த ஊரின் பெயரால் வந்ததே. அதன் பிறப்பும் ஒரு பாதையோரத்துக் கதைதான். வழிப்போக்கர் பழத்தைப் பறித்துத் தின்னாதிருக்க, சாலையோரக் கொடிகளின்மேல் மட்டும் அப்பகுதித் தோட்டக்காரர்கள் இந்த நீலக் கலவையைத் தெளித்து வைப்பார்களாம். 1882-இல் மிலார்தே என்னும் தாவரவியல் பேராசிரியர் அவ்வழியே சென்றபோது, உள்ளே இருந்த கொடிகள் எல்லாம் அடிச்சாம்பல் நோயால் இலையுதிர்ந்து கிடக்க, வழியோரக் கொடிகள் மட்டும் பசுமையாய் நிற்பதைக் கண்டார். ஆராய்ந்தார், 1885-இல் முடிவை வெளியிட்டார். திருடனுக்கு வைத்த மருந்து நோய்க்கு மருந்தாயிற்று.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், என் பேத்தி, பதினொரு வயதுச் சிறுமி, "தாத்தா, சனிக்கிழமை நாம் மிதிவண்டியில் போகிறோம்" என்றாள். என்னைக் கேட்கவில்லை; அறிவித்தாள். முழங்கால் வலி என்றேன். வயது 66 என்றேன். மகள் சிரித்துக்கொண்டே, "அப்பா, அந்தப் பாதையில் மோட்டார் வண்டியே வராது" என்றாள். எனக்கு இருந்தது முழங்கால் வலியன்று என்பது அவளுக்குத் தெரியும்.

போர்டோவின் நடுவே கரோன் ஆறு ஓடுகிறது. அதன்மேல் நெப்போலியன் காலத்தில் திட்டமிடப்பட்டு 1822-இல் திறக்கப்பட்ட கல்பாலம் ஒன்று உண்டு. அதற்கு 17 வளைவுகள். நெப்போலியன் போனபார்ட் என்ற பெயரைப் பிரெஞ்சு மொழியில் எழுதினால் 17 எழுத்துகள் வரும் என்று அவ்வூரார் எண்ணிக் காட்டுவார்கள். பெயருக்காக வளைவு வைத்தார்களோ, வளைவுக்குப் பின் பெயரை எண்ணினார்களோ, கதை நன்றாக இருக்கிறது. இந்தப் பாலத்தில் 2017 முதல் தனியார் கார்கள் செல்வதைத் தடுத்துவிட்டார்கள். டிராம் வண்டியும் பஸ்ஸும் போகும். மற்றபடி நடப்போரும் மிதிப்போருமே. நான் 15 ஆண்டுகளுக்குப் பின் மிதிவண்டியில் காலைத் தூக்கிப் போட்டது அந்தப் பாலத்தின் தலைமாட்டில்தான். முதல் நூறு கஜம் வண்டி பாம்புபோல் நெளிந்தது. பிறகு கால் தன் பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டது.

ஆற்றோரமாகத் தென்கிழக்கே சென்றால் லத்ரேன் என்னும் ஊர் வருகிறது. அங்கே ஆற்றைவிட்டு நீங்கி, பெம்பீன் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் பாதை நுழைகிறது. இரு பக்கமும் மரங்கள். நடுவே மூன்று மீட்டர் அகலத்தில் தார் இட்ட வழி. சிறிது தூரம் சென்றதும் எனக்கு ஒரு வியப்பு. ஏறிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிகிறது. ஆனால் மூச்சு வாங்கவில்லை. மேடு வரும் இடங்களில் பாதை மேட்டைப் பிளந்துகொண்டு செல்கிறது; பள்ளம் வரும் இடங்களில் கரைமேல் செல்கிறது. சாலை போடுகிறவர்கள் இவ்வளவு பாடுபடமாட்டார்களே என்று நினைத்தேன். அப்போது ஒரு சிறிய கட்டடம் வந்தது. மேடை, நீண்ட கூரை, சுவரில் ஊர்ப்பெயர். ரயில் நிலையம்! ஆனால் தண்டவாளம் இல்லை.

ஆம், மாணவர்களே. நான் மிதித்துச் சென்றது ரயில் போன பாதை. 19-ஆம் நூற்றாண்டில் போர்டோவிலிருந்து உள்நாட்டுக்கு இட்ட இருப்புப்பாதை அது. மோட்டார் லாரியும் பஸ்ஸும் பெருகியபின் பயணிகள் குறைந்தனர்; சரக்கும் குறைந்தது; வண்டி நின்றது; தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். எஞ்சிய மண்பாதையை மாவட்ட நிர்வாகம் விற்றுத் தின்றுவிடாமல், தார் இட்டு, மிதிவண்டிக்கும் நடப்போர்க்கும் விட்டுவிட்டது. நீராவி இயந்திரம் செங்குத்தான மேட்டில் ஏறாது. நூறு அடி போனால் ஓரடி, மிஞ்சினால் இரண்டடி உயரலாம், அவ்வளவே. அந்த இரும்புக் குதிரையின் இயலாமைக்காக அன்று தொழிலாளிகள் மலையை வெட்டினார்கள், பள்ளத்தைத் தூர்த்தார்கள், சுரங்கம் குடைந்தார்கள். அவர்கள் சிந்திய வியர்வையின் பயனை, 66 வயதில் முழங்கால் வலிக்கும் ஒரு தமிழாசிரியன் அனுபவித்தான்.

பிரான்சில் இத்தகைய பாதைக்குப் 'பசும்பாதை' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. அப்பெயரால் அமைந்த முதற்பாதை 1997-இல், பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி என்ற ஊருக்கும் குளூனி என்ற ஊருக்கும் இடையே திறக்கப்பட்டது. அதுவும் பழைய ரயில் பாதை. அதுவும் திராட்சை நாடு. 2004-இல் சாலை விதிகளிலேயே பசும்பாதைக்கு இலக்கணம் வகுத்துவிட்டார்கள்: இயந்திர வண்டி நுழையலாகாது, நடப்போர், மிதிப்போர், குதிரை ஏறிச் செல்வோர் ஆகியோர்க்கே உரியது. ஒரு வழியை ஒரு சாரார்க்கு உரியது என்று சட்டம் சொல்லுமானால், அச்சாரார் பெரும்பாலும் வலியவராக இருப்பதைத்தான் நாம் கண்டிருக்கிறோம். இங்கே எளியவர்க்காகச் சொல்லியிருந்தது.

நான் சென்ற பாதைக்கு ரோழே லாபெபி என்னும் பந்தய வீரரின் பெயரை இட்டிருக்கிறார்கள். 1911-இல் பிறந்தவர், 1937-இல், பிரான்சைச் சுற்றி ஓடும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில் வென்றவர். அந்தப் பந்தயத்தைத் தோற்றுவித்த தெக்ராஞ்சு என்பவர், ஓடும்போதே சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கியர்ப் பொறியைப் போட்டியில் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. அது முதியவர்களுக்கு உரிய சாதனம் என்பது அவர் எண்ணம். ஆகவே வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். தெக்ராஞ்சு நோயுற்று விலகியபின், 1937-இல் தடை நீங்கியது. கியர் மாற்றும் வண்டியில் அந்தப் பந்தயத்தை வென்ற முதல் வீரர் லாபெபி. அவர் வெற்றி கறையற்றது என்று நான் சொல்லமாட்டேன். பிரனீஸ் மலைக் கட்டத்தில் அவருடைய வண்டியின் கைப்பிடியை எவரோ இரவில் அறுத்து வைத்திருந்தார்கள். அது அவருக்கு இழைத்த தீங்கு. அதே நாளில் வழியோரத்தில் நின்றோர் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டதற்காக அவருக்கு ஒன்றரை நிமிடம் தண்டனையும் கிடைத்தது. முன்னணியில் இருந்த பெல்ஜிய வீரர் மாஸ் என்பவர், மனக்கசப்பால் தம் அணியோடு போர்டோ நகரில் பந்தயத்தையே விட்டு விலகினார். 1939-இல் ஒரு பந்தயத்தில் விழுந்து முழங்கால் முறிந்ததோடு லாபெபியின் பந்தய வாழ்வும் முடிந்தது. 1996-இல் காலமானார். முதியவர்க்கு உரியது என்று தெக்ராஞ்சு ஒதுக்கிய அந்தப் பொறி என் வண்டியிலும் இருந்தது. அவருடைய கருத்துக்கு நான் நல்ல சான்று.

சதிராக் என்ற ஊரைக் கடந்தோம். அது குயவர் ஊர். ஒருகாலத்தில் போர்டோவின் சர்க்கரை ஆலைகளுக்குக் கூம்பு வடிவச் சர்க்கரை வார்க்கும் மண் அச்சுகளை அவ்வூரார் வனைந்து அனுப்பினார்கள். அதற்கு மேற்பட்டுத்தான் மரங்கள் விலகி, திராட்சைத் தோட்டங்கள் தென்படத் தொடங்கின. அந்த நாட்டுப் பகுதிக்கு 'இரு கடல்களின் இடை' என்று பொருள்படும் பெயர். கடல் அங்கே இல்லை; கரோன், தோர்தோஞ் என்னும் இரண்டு ஆறுகள்தாம். ஆனால் கடலின் ஏற்றவற்றம் அவ்விரண்டிலும் உள்நாடு வரை ஏறி வருவதால், அவற்றையே கடல் என்றார்கள் முன்னோர்.

கொடி என்றால் நாம் பந்தலை நினைப்போம். அங்கே பந்தல் இல்லை. இடுப்பளவு உயரத்துக் குட்டை மரம்போல் ஒவ்வொரு கொடியும் நிற்க, நூல் பிடித்த வரிசைகளில் கம்பிகளின்மேல் கிளைகளைப் படரவிட்டிருக்கிறார்கள். காலைவேளையில் மிதித்துச் செல்லும்போது ஒவ்வொரு வரிசையும் ஒரு கணம் நேராகத் திறந்து, கடைசிவரை காட்டி, மூடிக்கொள்கிறது. பேத்தி அதைப் புத்தகத்தின் ஏடுகளைப் புரட்டுவதுபோல் இருக்கிறது என்றாள். அறுவடைக் காலமாதலால், வரிசையின் இருபுறமும் கால் பரப்பி நிற்கும் உயர்ந்த இயந்திரங்கள் கொடிகளைக் குலுக்கிப் பழத்தை உதிர்த்துக்கொண்டிருந்தன. எங்கும் புளித்த இனிப்பு மணம்.

மது என்பதை நான் வாயில் வைத்ததில்லை. வைக்கச் சொல்லி உங்களிடம் பேசவும் வரவில்லை. ஆயினும் பயிர் பயிர்தானே? 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்சரா என்னும் மிகச் சிறிய பூச்சி, பிரான்சின் கொடிகளை வேரிலேயே தின்று ஊர் ஊராக அழித்தது. மருந்துகள் பொய்த்தன. கடைசியில், அந்தப் பூச்சியைத் தாங்கி வளரப் பழகிய அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். இன்றும் அத்தோட்டங்களில் மேலே நிற்பது பிரெஞ்சுக் கொடி. மண்ணுக்குள் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க வேர்.

தோட்டங்களுக்கு நடுவே அங்கங்கே வெறும் மண்ணாய்க் கிடந்த வயல்களைக் கண்டேன். பாதையோரம் நின்றிருந்த முதிய தோட்டக்காரர் ஒருவரிடம் பேத்தியைக் கேட்கச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நெடுநேரம் பேசினார். பிரெஞ்சு மக்கள் 1960-களில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் திராட்சை மது குடித்தார்கள். இன்று அதில் பாதியும் இல்லை. வெளிநாட்டு வாணிகமும் சுருங்கியது. பராமரிக்க முடியாமல் விட்ட கொடிகளிலிருந்து நோய் பரவுகிறது. ஆகவே 2023-இல் ஒரு திட்டம் வகுத்தார்கள்: கொடியை வேரோடு பிடுங்குவோர்க்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 6,000 யூரோ. அந்த வெற்று வயல் அவருடையதே. அவருடைய தந்தை நட்ட கொடிகளாம். இயந்திரம் பிடுங்க அரைநாள்கூட ஆகவில்லை என்றார். மக்கள் மதுவைக் குறைத்துக்கொண்டார்கள் என்றால் நான் மகிழ வேண்டியவன் அன்றோ? மகிழ்ச்சி வரவில்லை. அவர் தம் தோட்டத்துப் பழக்கொத்து ஒன்றைப் பறித்துப் பேத்தியிடம் கொடுத்தார். சிறிய பழம், தடித்த தோல், மிகுந்த இனிப்பு. அதைத் தின்றுகொண்டே நின்றபோது, ரயில் இழந்த பாதையின் மேல் நின்று, கொடி இழந்த வயலைப் பார்க்கிறோம் என்று தோன்றியது. பாதைக்கு ஒரு மறுபிறவி கிடைத்தது. வயலுக்கு என்ன கிடைக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை கிரெயோன் என்னும் சிற்றூரில் தங்கினோம். மறுநாள் லா சோவ் ஊரை அடைந்தோம். 1079-இல் நிறுவிய பெருமடம் ஒன்று அங்கே கூரையின்றிப் பாழாய் நிற்கிறது. வானமே கூரை, தூண்களின் தலைப்பில் சிங்கங்களும் மனிதரும் கொத்திய சிற்பங்கள் மட்டும் நேற்றுச் செய்தவைபோல் இருக்கின்றன. அதற்கப்பால் பாதை ஒரு சுரங்கத்துள் புகுகிறது. வெளியே வெயில், உள்ளே கிணற்றுக் குளிர்ச்சி.

சுரங்கத்தைக் கடந்ததும் பேத்தி வேகமெடுத்தாள். வளைவில் திரும்பி மறைந்துவிட்டாள். என் வயிற்றில் பழைய அச்சம் எழுந்தது. "நில், நில்!" என்று கத்தினேன். தமிழ்க் குரல் கேட்டு எதிரே வந்த ஓர் அம்மையார் திடுக்கிட்டு இறங்கிவிட்டார். பின்னால் வந்த என் மகள் ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தாள். அரைக் கிலோமீட்டர் சென்றதும் பாதை ஒரு கார்ச்சாலையைக் குறுக்கே கடந்தது. ஆபத்தே அற்ற பாதை என்று நீங்கள் எண்ண வேண்டாம்; இத்தகைய குறுக்கு வழிகள் பல உண்டு. வாகனம் பாதைக்குள் நுழையாதபடி கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். நாமும் வேகம் குறைத்தே ஆக வேண்டும். அந்தக் கம்பத்தருகே பேத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றி, இடமும் வலமும் பார்த்துவிட்டு, எங்களுக்காகக் காத்து நின்றாள். "ஏன் தாத்தா கத்தினீர்கள்? இங்கே யார் வருவார்கள்?" என்றாள். என்னிடம் விடை இல்லை. நெடுஞ்சாலையில் காதைப் பின்னால் வைத்துக்கொண்டே மிதித்துப் பழகிய நான், அதன்பிறகுதான் பறவைகளின் ஒலி கேட்பதைக் கவனித்தேன்.

மாலையில் சோவ்தேர் நகரை அடைந்தோம். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1281-இல் அமைத்த கோட்டையூர் அது. ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் பலமுறை கைமாறி, 1451-இல் பிரான்சுக்கே நிலைத்தது. நான்கு கோட்டை வாயில்களும் இன்றும் நிற்கின்றன. மோட்டார் வண்டி நுழையாத பாதையின் முடிவில், எங்களை வீட்டுக்குக் கொண்டுசெல்ல மருமகன் மோட்டார் வண்டியோடு காத்திருந்தார். நான் மறுக்கவில்லை.

ஆனால் அடுத்த புதன்கிழமை எவரையும் அழைக்காமல் பஸ் ஏறிக் கிரெயோன் சென்றேன். அன்று அவ்வூரில் சந்தை. பழைய ரயில் நிலையத்தில் மிதிவண்டி வாடகைக்குத் தருகிறார்கள். கையெழுத்திட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு லா சோவ் வரை தனியாகவே சென்று திரும்பினேன். நண்பகல் ஆயிற்று. அங்கே புதன்கிழமை நண்பகலோடு நடுநிலை மாணவர்களுக்குப் பள்ளி முடிந்துவிடும். எனக்கெதிரே பிள்ளைகள் சிலர், முதுகில் புத்தகப் பையோடு, வண்டிகளை மிதித்துப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஆசிரியனுக்குப் பழக்கம் போகுமா? தலைகளை எண்ணினேன்.

ஊர் திரும்பிய மறுவாரம், என் பழைய மாணவியைப் பார்க்கச் சென்றேன். அவள் இன்று தொடக்கப்பள்ளி ஆசிரியை. பஸ்ஸில் சென்று வருகிறாள். கோட்டை வாயில், பாழ்மடம், திராட்சை வரிசைகள் என்று படங்கள் யாவற்றையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தாள். நான் மீண்டும் மிதிவண்டி ஏறியதைச் சொன்னபோது தலைகுனிந்து சிரித்தாள். பிறகு ஒன்று மட்டும் கேட்டாள்.

"ஐயா, அந்தப் பாதையில் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியுமா?"

"போகிறார்கள், அம்மா. நானே பார்த்தேன்" என்றேன்.

"எத்தனை பேர்?"

"ஏழு பேர். பையன்கள் நால்வர், பெண்கள் மூவர்" என்றேன்.